தடை இறங்கிய படிகம்

இரண்டாம் ஆண்டு பி.எஸ்சி. வகுப்பில் கரும்பலகையில் ஒரு கணக்கைப் பாதி போட்டிருந்தேன். காலை பதினொன்றேகால் இருக்கும். இயற்பியல் ஆய்வகத்தின் அட்டெண்டர் அக்கா வகுப்பு வாசலில் வந்து நின்றார். பன்னிரண்டு வருடமாக அவரை எனக்குத் தெரியும். வகுப்பு நடக்கும்போது ஒருநாளும் அப்படி வந்து நின்றதில்லை. கையில் நீல அட்டை போட்ட நோட்டுப் புத்தகம் இருந்தது.

"மேடம், அந்த நம்பர் நிக்காம ஏறிக்கினே கீது," என்றார்.

"எவ்ளோக்கா இப்ப?"

"பக்கத்துல 'என்' எழுத்து ஒண்ணு இருந்துச்சில்ல, அது போயி வால் வெச்ச 'யூ' மாதிரி ஒண்ணு வந்துச்சு. அதான் கூப்ட வந்தேன்."

நானோ போய் மைக்ரோ வந்திருக்கிறது. அதாவது படிகத்தின் வழியே போகும் மின்னோட்டம் ஆயிரம் மடங்கு ஏறிவிட்டது. மாணவர்களிடம் மீதிக் கணக்கைப் போடச் சொல்லிவிட்டு, சுண்ணாம்புக்கட்டியைக் கையில் வைத்துக்கொண்டே படியிறங்கினேன்.

ஆய்வகம் என்று சொல்கிறேன். அது உடைந்த ஸ்டூல்களைப் போட்டு வைத்திருந்த அறையின் ஒரு மூலை. தாம்பரத்தில் ரயில் போனால் மேசைமேல் இருக்கும் கண்ணாடிக் குவளை லேசாகக் கிணுகிணுக்கும். அந்த மேசையில்தான் என் படிகம் இருந்தது. சுண்டுவிரல் நகத்தில் பாதி அளவு, லேசான பழுப்பு நிறம். அதன் மேல்முகத்தில் வெள்ளிப் பசையால் இரண்டு பொட்டு வைத்து, இரண்டுக்கும் நடுவே தலைமுடி அளவுக்கு இடைவெளி விட்டிருந்தேன். காலை எட்டரைக்கு இருநூறு வோல்ட்டைப் போட்டுவிட்டு வகுப்புக்குப் போயிருந்தேன். அக்கா ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை மீட்டரைப் பார்த்து எழுதிக்கொண்டிருந்தார்.

நான் போய்ப் பார்த்தபோது மின்னோட்டம் நான் வைத்திருந்த உச்சவரம்பைத் தொட்டு நின்றுவிட்டது. விசையை அணைத்தேன். அரை மணி நேரம் காத்திருந்தேன். பிறகு மிகச் சிறிய மின்னழுத்தம் ஒன்றைக் கொடுத்துத் தடையை அளந்தேன். ஏறவில்லை, இறங்கிய இடத்திலேயே இருந்தது. மறுநாள் காலையும் அப்படியே இருந்தது. எதிர்த் திசையில் ஒரு சின்ன மின்துடிப்பு கொடுத்ததும் தடை மளமளவென்று மேலே போனது. மறுபடி முன்திசையில் கொடுத்தால் கீழே வந்தது.

இது ஏன் எனக்கு அவ்வளவு பெரிய விஷயம் என்று சொல்ல வேண்டும். என் படிகம் ஸ்ட்ரான்ஷியம் டைட்டனேட் என்ற ஆக்சைடு, கிட்டத்தட்டக் கண்ணாடி மாதிரி. மின்சாரத்தை விடாது. அதிலிருக்கும் டைட்டானியம் ஓர் இடைநிலை உலோகம். படிகத்தை வளர்க்கும்போதே சில நூறு டைட்டானியத்துக்கு ஒன்று வீதம் குரோமியத்தை உள்ளே விடுவார்கள். பாடநூலில் அதற்கு மாசூட்டல் என்று பெயர். அப்படி வளர்த்த படிகத்தின்மேல் மின்னழுத்தத்தை மணிக்கணக்கில் பிடித்துவைத்தால், உள்ளே ஆக்சிஜன் இல்லாமல் காலியாக இருக்கும் இடங்கள் மெல்ல நகர்ந்து ஒரு பக்கம் சேர்கின்றன, மின்சாரம் போக ஒரு வழி உண்டாகிறது என்று சிலர் எழுதியிருந்தார்கள். வேறு சிலர் வேறு காரணம் சொல்லியிருந்தார்கள். எல்லோரும் ஒத்துக்கொண்ட பதில் இல்லாத இடம் அது. அதனால்தான் அதை எடுத்தேன்.

எனக்கு அப்போது நாற்பத்தொரு வயது. அந்தக் கல்லூரியில் பதினைந்து வருடமாகப் பாடம் எடுத்துக்கொண்டிருந்தேன், முனைவர் பட்டத்துக்குப் பகுதிநேர ஆய்வாளராகப் பதிவு செய்து ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. என் நெறியாளர் என்னைவிட ஆறு வயது சின்னவர். அவர் எம்.எஸ்சி. படிக்கும்போது செய்முறை வகுப்பில் அவருடைய ரெக்கார்டு நோட்டில் சிவப்பு மையால் திருத்தியவள் நான். அவர் என்னை மேடம் என்பார், நான் அவரை சார் என்பேன். இருவருக்கும் அதில் கொஞ்சம் கூச்சம் இருந்தது.

எங்கள் துறையில் எல்லோரும் நானோ பொடி செய்தார்கள். பொடியைச் சுட்டு, எக்ஸ்ரே எடுத்து, படம் பிடித்து, கட்டுரை எழுதினால் மூன்று வருடத்தில் பட்டம். எனக்கும் அதையேதான் சொன்னார்கள். வேண்டாம் என்றேன். ராஜகீழ்ப்பாக்கம் சிக்னலில் தினமும் இருபது நிமிடம் பேருந்தில் நின்றபடி வந்து, ஐந்து வகுப்பு எடுத்து, அதற்குமேல் நேரம் திருடி நான் செய்யப்போகும் வேலை, எனக்கு முன்னமே பதில் தெரிந்ததாக இருக்கக்கூடாது என்று பிடிவாதம்.

அக்கா இதில் வந்தது தற்செயல். மீட்டர் பழையது, கணினியோடு இணைக்கும் கம்பி எப்போதோ தொலைந்துபோயிருந்தது. புதிய கம்பிக்கு எழுதிக் கொடுத்த விண்ணப்பம் அலுவலகத்தில் இருந்தது, அங்கேயே இருந்தது. எட்டு மணி நேரம் மேசையில் உட்கார்ந்து எழுத எனக்கு வழியில்லை. ஒருநாள் அதைப் புலம்பிக்கொண்டிருந்தபோது அவர் சொன்னார்: "நான் இங்கியேதானே குந்திகினு கீறேன் மேடம். அஞ்சு நிமிஷத்துக்கு ஒருவாட்டி பாத்து எழுதணும், அவ்ளோதானே. கடியாரம் பாக்கத் தெரியும், நம்பர் எழுதத் தெரியும்."

படப்பையிலிருந்து பேருந்தில் வருவார். எட்டாம் வகுப்பு வரை படித்தவர். கூட்டுவதற்கென்று வேலைக்கு எடுத்தார்கள். ஆய்வகத்துக்குள் வந்தபின் எந்த கால்வனாமீட்டரின் முள் ஒட்டிக்கொள்ளும், எந்த மின்தடைப் பெட்டியில் எந்தச் சாவி இறுகாது என்பதெல்லாம் எங்களைவிட அவருக்குத்தான் தெரியும். நோட்டில் அவருடைய எண்கள் குண்டு குண்டாக, ஒன்றன்கீழ் ஒன்று நேராக நிற்கும். என் எண்கள் சாய்ந்து விழும்.

அன்றைய மின்னோட்டத் தாவலை நெறியாளரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். மகிழ்ந்தார். நோட்டைப் புரட்டினார். முகம் மாறியது.

"மேடம், இது உங்க கையெழுத்து இல்லையே."

"அக்கா எடுத்த ரீடிங் சார்."

"அதைத் திரும்ப உங்க கையால எழுதிடுங்க. யார் எடுத்தாங்கன்னு யாரும் கேக்கப் போறதில்ல."

"நான் அங்க இல்லையே சார். இல்லாத நேரத்துக்கு நான் எப்படி எழுதறது?"

"அவங்க தப்பாப் படிச்சிருந்தா?"

நியாயமான கேள்வி. அதனால் சோதித்தேன். மூன்று நாள் வேறொரு மாதிரிப் பொருளை வைத்துவிட்டு, வகுப்பு இல்லாத நேரங்களில் அவருக்குத் தெரியாமல் பின்னால் நின்று நானும் எழுதினேன். கடைசியில் இரண்டையும் ஒப்பிட்டால் ஒரே ஓர் இடத்தில்தான் வித்தியாசம். அங்கே இரண்டு இலக்கங்களை இடம் மாற்றி எழுதியவள் நான். அந்தத் தாளை நெறியாளரின் மேசையில் வைத்துவிட்டு வந்தேன். நான் எதையும் திரும்ப எழுதவில்லை.

ஆறு மாதத்துக்கு ஒரு தடவை நடக்கும் ஆய்வுக் குழுக் கூட்டம் வந்தது. நகரத்திலிருந்து ஒரு பேராசிரியர் வெளி நிபுணராக வந்திருந்தார். பெரிய ஆள், நிறையப் படித்தவர், அதில் எனக்குச் சந்தேகமில்லை. என் வரைபடத்தை அரை நிமிடம் பார்த்தார், நோட்டைப் புரட்டினார்.

"சில்வர் பேஸ்ட்தானே போட்டிருக்கீங்க? காத்துல ஈரம் இருந்தா வெள்ளி நகரும்மா. இது கிரிஸ்டல் இல்ல, கான்டாக்ட் ப்ராப்ளம்."

"ஈரத்துல நகரும்னு படிச்சிருக்கேன் சார். ஆனா இது—"

"ரெண்டு கையெழுத்து இருக்கே. யார் எடுத்த ரீடிங் இது?"

"எங்க லேப் அட்டெண்டர் எடுத்தது சார். சரிபார்த்திருக்கேன்."

அறையில் சிரிப்பு எழுந்தது. பலமான சிரிப்பு இல்லை. ஒருவர் மூக்கால் சிரித்தார், ஒருவர் குனிந்துகொண்டார். என் நெறியாளர் சிரிக்கவில்லை, வாய் திறக்கவும் இல்லை. அக்கா அப்போது அதே அறையின் ஓரத்தில் தேநீர்க் கோப்பைகளை எடுத்துக்கொண்டிருந்தார். ஒரு கோப்பையும் சத்தம் போடாமல் தட்டில் அடுக்கிக்கொண்டு வெளியே போனார்.

நிபுணர் கனிவாகவே பேசினார். "இந்த வயசுல எதுக்கும்மா ரிஸ்க்? உங்க கைட்கிட்ட ரெடியா ஒரு பொடி சிஸ்டம் இருக்கு. ரெண்டு வருஷத்துல முடிச்சிடலாம். தலைப்பை மாத்திடுங்க." படிவத்தில் திருப்தியில்லை என்று எழுதி, தலைப்பு மாற்றப் பரிந்துரை என்று கீழே எழுதி, என் பக்கம் தள்ளினார்.

நான் பேனாவை எடுக்கவில்லை.

"சார், வெள்ளின்னு நீங்க சொல்றது சரியாவே இருக்கலாம். அதைப் பாத்துட்டு வரேன். தலைப்பை மாத்த மாட்டேன்."

"கையெழுத்துப் போட மாட்டீங்களா?"

"மாட்டேன் சார்."

"அடுத்த கூட்டத்துல இதுக்குப் பதில் இல்லன்னா பதிவையே ரத்து பண்ணச் சொல்லி எழுதிடுவேன்."

"எழுதுங்க சார்."

வெளியே தாழ்வாரத்தில் நெறியாளர் பின்னாலேயே வந்தார். அவரை எதற்குப் பகைத்துக்கொள்கிறீர்கள் என்று கேட்டார். நான் பகைக்கவில்லை, அவர் கேட்ட கேள்விக்குப் பதில் தேடப்போகிறேன், அவ்வளவுதான் என்றேன். கைப்பையின் வாரை இறுகப் பிடித்துக்கொண்டேன்.

மறுவாரம் விலங்கியல் துறையிலிருந்து ஒரு நுண்ணோக்கியை இரவல் வாங்கினேன். பூச்சிகளின் சிறகைப் பார்ப்பதற்கு வைத்திருந்தது. அதன் கீழே, மின்னோட்டம் தாவிய அந்தப் படிகத்தை வைத்துப் பார்த்தேன். இரண்டு வெள்ளிப் பொட்டுகளுக்கும் நடுவே, எதிர்மின்முனையிலிருந்து கிளம்பி, கிளை கிளையாக ஒரு குட்டி மரம் வளர்ந்திருந்தது. வெள்ளி மரம். அதன் நுனி மறுபக்கப் பொட்டைத் தொட்டிருந்தது.

நிபுணர் சொன்னதுதான் சரி. அந்தப் படிகத்தில் மின்சாரம் ஆக்சைடுக்குள் போகவில்லை. மேலே, வெள்ளி வழியாகப் போயிருக்கிறது.

எவ்வளவு நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன் என்று தெரியவில்லை. அக்கா பக்கத்தில் வந்து நின்று, தானும் பார்க்கலாமா என்று கேட்டார். நகர்ந்து இடம் கொடுத்தேன். ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார்.

"முருங்கக் கிளை கணக்கா கீது. இது இன்னா மேடம்?"

சொன்னேன். அவர் நிமிர்ந்தார்.

"அப்ப நான் எழுதினது தப்பா?"

"நீங்க எழுதினது அத்தனையும் சரிக்கா. அது நடந்தது. ஏன் நடந்துச்சுன்னு நான் சொன்னதுதான் தப்பு."

"அப்பன்னா அவங்க சிரிச்சது?"

"அவங்க வெள்ளிக்காகச் சிரிக்கலக்கா. நீங்க எழுதினதுக்காகச் சிரிச்சாங்க. அது சரியில்ல."

"அது எனக்குத் தெரியும்," என்றார். நோட்டை எடுத்துப் பீரோவில் வைத்துப் பூட்டினார்.

அந்த மரத்தைப் படம் எடுத்துக்கொண்டேன். அதை மறைத்திருக்கலாம்; படிகத்தை ஸ்பிரிட்டில் துடைத்தால் மரம் போய்விடும், யாருக்கும் தெரிந்திருக்காது. வீட்டுக்குப் போகும் வழியில் அந்த யோசனை வந்தது, வரவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். சிக்னலில் பேருந்து நின்றபோது வந்தது, அது கிளம்பியபோது போய்விட்டது.

என்னிடம் இன்னும் இரண்டு படிகங்கள் இருந்தன. வெள்ளியை விட்டுவிட்டு பிளாட்டினத்தில் முனைகள் போட வேண்டும். பிளாட்டினம் அப்படி நகராது. அந்த வசதி நகரத்தில் ஓர் ஆய்வு நிலையத்தில் இருந்தது. நெறியாளரிடம் கடிதம் கேட்டேன். மரத்தின் படத்தை அவரிடம் காட்டியிருந்தேன். அவர் நெடுநேரம் பார்த்துவிட்டு, "இதை நீங்களே கண்டுபிடிச்சு எங்கிட்ட காட்டியிருக்கீங்க," என்றார், கேள்வி மாதிரியும் இல்லாமல் பாராட்டு மாதிரியும் இல்லாமல். அன்றே கடிதம் தந்தார். இரண்டு படிகங்களையும் பஞ்சு வைத்த ஒரு குங்குமச் சிமிழில் போட்டு, கைப்பையில் வைத்து, மின்சார ரயிலில் மகளிர் பெட்டியில் மடியோடு அணைத்துக்கொண்டு போனேன். இரண்டு வாரம் கழித்து அதே மாதிரி திருப்பிக் கொண்டுவந்தேன்.

அதற்குள் மழைக்காலம் வந்துவிட்டது. கல்லூரி வாசலில் கணுக்கால் தண்ணீர். நோட்டுத் தாளே நமுத்துப்போன அந்த வாரங்களில் ஈரத்தைக் காற்றிலிருந்து விரட்டுவதுதான் வேலையாக இருந்தது. வேதியியல் துறையின் கனத்த கண்ணாடிக் கலம் ஒன்றை வாங்கி, அடியில் ஈரம் உறிஞ்சும் நீலக் குருணையைக் கொட்டினேன். குருணை ஈரம் குடித்து வெளிறிவிடும். அக்கா அதைத் தினமும் அடுப்பில் வறுத்து மறுபடி நீலமாக்கிக் கொண்டுவருவார். "ரவை வறுக்கிற பதம்தான் மேடம், கொஞ்சம் அசந்தா கருகிடும்," என்பார்.

முதல் பிளாட்டினப் படிகத்தை நானே கெடுத்தேன். ஐந்து மணி நேரம் ஒன்றும் நடக்காததால் பொறுமையிழந்து முந்நூறு வோல்ட்டுக்கு ஏற்றினேன். டக்கென்று ஒரு சின்னச் சத்தம். குறுக்கே விரிசல். ஒரே ஒரு படிகம் மிஞ்சியது.

கூட்டத்துக்கு மூன்று வாரம் இருந்தது. நெறியாளர் உடனே அளந்துவிடச் சொன்னார். நான் மறுத்தேன். அவர் குரல் உயர்த்தி நான் கேட்ட ஒரே தடவை அது.

"இங்க முதல்ல பாக்காம நேரா அவங்க முன்னாடியா? நடக்கலன்னா என்ன பண்ணுவீங்க மேடம்?"

"முதல் தடவை வழி உண்டாகறது ஒரு தடவைதான் சார் நடக்கும். இங்க பாத்துட்டா அப்புறம் அவங்களுக்குக் காட்ட ஒண்ணும் இருக்காது. மறுபடி கிராஃப்தான். மறுபடி யார் எழுதினாங்கன்னு கேப்பாங்க."

"நடக்கலன்னா?"

"நடக்கலன்னு எழுதட்டும்."

கூட்டம் எங்கள் கல்லூரியின் கருத்தரங்க அறையில் நடந்தது. எட்டு ஆய்வாளர்கள், என் முறை கடைசி, மூன்று மணிக்கு. காலை எட்டு மணிக்கே நானும் அக்காவும் எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு போய்ப் பின்வரிசையில் ஒரு மேசையில் பரப்பினோம். மீட்டர், மூடிய கண்ணாடிக் கலத்துக்குள் படிகம், அதன்மேல் நுண்ணோக்கி. ஒன்பதரைக்கு இருநூறு வோல்ட்டைப் போட்டேன். அக்கா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து நோட்டைத் திறந்தார். கூட்டம் தொடங்குமுன் அலுவலகத்தைச் சேர்ந்த ஒருவர் வந்து, அட்டெண்டர் வெளியே இருக்கட்டுமே என்றார்.

"அவங்க ரீடிங் எடுக்கறாங்க," என்றேன். "அவங்க வெளிய போனா நானும் போறேன்."

அக்கா நகரவில்லை. வந்தவர் போய்விட்டார்.

நிபுணர் வந்ததும் பின்மேசையைப் பார்த்தார். "இது என்ன?"

"போன தடவை நீங்க கேட்டது சார். நேரம் எடுக்கும். நீங்க மத்தவங்களைப் பாருங்க."

ஒவ்வொருவராகப் பேசினார்கள். பொடிகள், படங்கள். பத்து மணி, பதினொன்று, பன்னிரண்டு. பேச்சுக்கு நடுவே அக்கா பேனா எடுக்கும் சத்தம் மட்டும் எனக்குக் கேட்டது. மின்னோட்டம் நானோவிலேயே நின்றது. மதியம் எல்லோரும் சாப்பிடப் போனார்கள். நிபுணர் திரும்பி வரும் வழியில் மேசையருகே நின்று குனிந்து பார்த்தார்.

"ஒண்ணும் ஆகலையே."

"இல்ல சார், ஆகல."

மூன்று மணிக்கு என்னைக் கூப்பிட்டார்கள். அப்போதும் ஒன்றும் ஆகவில்லை. முன்னால் போய் நின்று, முதல் படமாக வெள்ளி மரத்தைப் போட்டேன்.

"போன தடவை நான் காட்டின தாவல் இதனாலதான் சார். வெள்ளின்னு நீங்க சொன்னது சரி. ரீடிங் சரி, நான் சொன்ன காரணம் தப்பு."

நிபுணர் மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு படத்தைப் பார்த்தார். விரிசல் விட்ட படிகத்தைக் காட்டினேன், என் அவசரத்தால் கெட்டது என்றேன். பிளாட்டின முனைகளைப் பற்றியும் ஈரம் இல்லாத கலத்தைப் பற்றியும் சொல்லிக்கொண்டிருந்தேன். பின்வரிசையிலிருந்து குரல் வந்தது. உரக்கக்கூட இல்லை.

"மேடம், ஏற ஆரம்பிச்சிருச்சு."

நான் ஓடவில்லை. நிபுணர்தான் முதலில் எழுந்தார். போய் அக்காவின் நாற்காலிக்குப் பின்னால் நின்றார். மற்றவர்களும் சூழ்ந்துகொண்டார்கள். அக்கா யாரையும் நிமிர்ந்து பார்க்காமல் கடிகாரத்தையும் எண்ணையும் பார்த்து எழுதினார். நிபுணர் மீட்டரைப் பார்த்தார், அக்கா எழுதுவதைப் பார்த்தார். அடுத்ததையும் பார்த்தார்.

"இதுக்கு முன்னாடி ரீடிங் என்னம்மா?"

அக்கா பக்கத்தைத் திருப்பி விரலை வைத்தார். "மூணு பத்துக்கு இது. மூணு அஞ்சுக்கு இது. ஒம்போதரைலேந்து கீது, பாத்துக்குங்க சார்."

அவர் ஒன்பதரையிலிருந்து பார்த்தார். ஒவ்வொரு வரியாக. பிறகு நுண்ணோக்கியில் குனிந்தார். நிறைய நேரம் குனிந்திருந்தார். இரண்டு பிளாட்டின முனைகளுக்கும் நடுவே ஒரு பக்கத்திலிருந்து அடர் பழுப்பு நிறம் ஒன்று படர்ந்து, ஓரிடத்தில் மட்டும் மெல்லிய கோடாக மறுபக்கத்தைத் தொட்டிருந்தது. கிளை இல்லை, உலோகப் பளபளப்பு இல்லை.

விசையை அவரே அணைத்தார். தேநீர் வந்தது. இருபது நிமிடம் கழித்து அவரே அளந்தார். இறங்கிய தடை இறங்கியபடி இருந்தது. எதிர்த் துடிப்பை அவரே கொடுத்தார், மேலே போனது. மறுபடி கொடுத்தார், கீழே வந்தது. நான்கு தடவை செய்தார். சின்னப் பையன் சுவிட்சைப் போட்டுப் போட்டு அணைப்பது மாதிரி இருந்தது, ஆனால் நான் சிரிக்கவில்லை. அந்த அறையில் ஏற்கெனவே ஒரு சிரிப்பு அதிகம்.

"வெள்ளி இல்ல," என்றார். "சரி. ஆனா முழுக் கிரிஸ்டலும் மாறுதுன்னு உங்க அறிக்கைல எழுதியிருக்கீங்க. அது இல்ல. அந்தக் கோட்டுல மட்டும்தான் போகுது."

அதிலும் அவர் சரி. நானும் அப்போதுதான் அதைப் பார்த்தேன். "அதையும் பாக்கறேன் சார். திருத்திடறேன்," என்றேன். திருப்தி என்று எழுதினார். இந்தத் தடவை பேனாவை எடுத்தேன். கையெழுத்துப் போடுமுன் சொன்னேன்: "சார், போன தடவை ரீடிங் எடுத்தது யாருன்னு கேட்டீங்க. இவங்கதான்."

அவர் அக்காவின் பக்கம் திரும்பினார். "நல்லா எழுதியிருக்கீங்கம்மா," என்றார்.

"ஆமா சார்," என்றார் அக்கா.

ஆய்வை முடிக்க அதன்பிறகு மூன்று வருடம் ஆனது. இன்னும் மூன்று படிகங்கள் வாங்கினோம். இரண்டில் அதே மாதிரி நடந்தது. ஒன்று எத்தனை நாள் வைத்தாலும் அசையவேயில்லை. ஏன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ஆய்வேட்டில் அசையாத படிகத்துக்கும், விரிசல் விட்டதற்கும், வெள்ளி மரத்துக்கும் சேர்த்து ஓர் அத்தியாயம் எழுதினேன். நெறியாளர் எடுத்துவிடலாம் என்றார்; இரண்டு தடவை சொன்னார். இரண்டு தடவையும் அது அங்கேயே இருந்தது. வாய்மொழித் தேர்வில் அந்த அத்தியாயத்தைப் பற்றித்தான் அதிகம் கேட்டார்கள், தெரியாததைத் தெரியாது என்றேன். பட்டம் கொடுத்தார்கள்.

ஒரு கட்டுரையை முதலில் அனுப்பிய இதழ், கையால் எழுதிய அளவீடுகளை ஏற்பதில்லை என்று திருப்பி அனுப்பியது. கணினியில் எடுத்தேன் என்று ஒரு வார்த்தை மாற்றினால் போயிருக்கும். மாற்றவில்லை. வேறோர் இதழில், இன்னார் நேரில் பார்த்துக் கையால் பதிந்தது என்ற வரியோடு வந்தது.

ஆய்வேட்டின் பைண்டிங் பிரதிகள் தாம்பரம் ரயில் நிலையத்துக்கு எதிரே ஒரு கடையிலிருந்து வந்த அன்று, நன்றி சொல்லும் பக்கத்தைத் திறந்து அக்காவிடம் கொடுத்தேன். அளவீடுகள் எடுத்தவர் என்று அவருடைய முழுப் பெயர், முதல் வரியில். அவர் எழுத்துக்கூட்டிப் படித்தார். இரண்டாம் தடவையும் படித்தார்.

"பேரு சரி. இனிஷியல் தப்பா கீது மேடம்."

"ஆபீஸ் ரெஜிஸ்டர்ல பாத்துத்தானேக்கா போட்டேன்?"

"அது வூட்டுக்காரரு பேரு. வேலைக்குச் சேந்தப்ப அவங்களா மாத்திக்கினாங்க. எனக்கு எங்கப்பா பேருதான் இனிஷியல். ஸ்கூல்லேந்து அதான். நான் எப்பவும் அதான் போடுவேன்." கொஞ்சம் நிறுத்தி, "பரவால்ல வுடுங்க," என்றார்.

விடவில்லை. ஐந்து பிரதிகளையும் இரண்டு பைகளில் அடைத்துத் தூக்கிக்கொண்டு மறுபடி கடைக்குப் போனேன். கடைக்காரர் ஒன்றைப் புரட்டிப் பார்த்துவிட்டு, ஓர் எழுத்துதானே, மேலே ஸ்டிக்கர் ஒட்டித் தருகிறேன், தெரியவே தெரியாது என்றார்.

"ஸ்டிக்கர் வேணாம். பிரிச்சு, அந்தப் பக்கத்தை மாத்தி, திரும்ப பைண்ட் பண்ணிக் கொடுங்க."

"அஞ்சுமேவா மேடம்? அட்டை புதுசு, பாழாயிடுமே."

"அஞ்சுமே."

அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு கத்தியை எடுத்து முதல் பிரதியின் முதுகில் வைத்தார். நான் அங்கே ஸ்டூலில் உட்கார்ந்து, ஐந்தும் பிரியும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன்.